ஏழு வீட்டு மோட்டார் சைக்கிள்

மதராஸ் துறைமுகத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, வேட்டிகளுக்கு அடியில் துண்டால் சுற்றி வைத்திருந்த சாமானை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சிலிண்டர்."

"எதனுடைய சிலிண்டர்?"

"என் மோட்டார் சைக்கிளுடையது."

"மோட்டார் சைக்கிள் எங்கே?"

"மலேயாவில்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மலேயாவிலிருந்து வருகிறவர்கள் கைக்கடிகாரம், பவுண்டன் பேனா, டின் பால் என்று கொண்டுவந்துதான் அவருக்குப் பழக்கம். வண்டியைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு அதன் ஈரலை மட்டும் வேட்டியில் சுற்றி எடுத்து வந்தவன் நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது. சிலிண்டருக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தார். மதுவிலக்கு அமலில் இருக்கிற ராஜ்யத்தில் அது அவர் கடமை. பிறகு பக்கவாட்டில் ஓடிய விரிசலைக் காட்டி, "உடைந்ததாயிற்றே, இதை எதற்குக் கொண்டுவருகிறீர்?" என்றார். உடையாதது ஒன்றைத் தேடி வந்திருக்கிறேன், அளவு பார்க்க வேண்டாமா என்றேன்.

"மதிப்பு ஒன்றுமில்லை" என்று சொல்லிப் பெட்டியின்மேல் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சுங்க அதிகாரியிடம் போய்ச் சாமானின் மதிப்பை உயர்த்திப் பேசுகிற அளவுக்கு நான் அசடு இல்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் தைப்பிங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில், புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரஸர். டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர். மூன்று எஸ்டேட்டுகளைச் சுற்றி வர வேண்டியிருந்ததால், பதினேழு வருஷத்துக்கு முன்னால் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அந்த அமெரிக்க மோட்டார் சைக்கிளை வாங்கினேன். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், சொல்லப் போவதில்லை. இரட்டைச் சிலிண்டர். கன்றுக்குட்டி பருமனில் பெட்ரோல் டாங்க். சாய்வு நாற்காலி மாதிரி அகலச் சீட்டு. கியரைக் கையால் தள்ளவேண்டும், கிளச்சைக் காலால் மிதிக்கவேண்டும். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஜமீன்தார் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிற தோரணைதான். மழை நின்றால் அதிசயம் என்கிற எங்கள் ஊரில், துரு ஏறாமல் தினமும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து அதைக் காப்பாற்றினேன்.

போன வருஷம் முன் சிலிண்டரில் விரிசல் விட்டது. பற்றவைத்தேன். மறுபடி விரிந்தது. சிங்கப்பூரில் ஒரு ஏஜெண்டுக்கு எழுதினேன். அந்த மாடலுக்கு உதிரிச் சாமான் வருவதில்லை, புது வண்டி வாங்கிக்கொள்ளலாமே என்று பதில் வந்தது. வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று மருந்து கேட்கப் போனவனிடம், வேறு கல்யாணம் செய்துகொள்ளலாமே என்று ஒரு வைத்தியன் சொன்னால் எப்படி இருக்கும்? கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். எட்டு மாதம் வண்டி கொட்டகையில் நின்றது. எனக்குச் சோறு இறங்கவில்லை. இது மிகையல்ல, தனபாக்கியத்தைக் கேட்டால் சொல்வாள். தனபாக்கியம் என் மனைவி.

அப்போதுதான் ராயபுரத்திலிருந்து அவள் தம்பி ஏகாம்பரம் கடிதம் போட்டான். அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டுகிறவன். நான் வண்டியோடு நிற்கிற போட்டோவைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவன். "மாமாவுக்கு நமஸ்காரம். உங்கள் வண்டி மாதிரியே ஒன்றை நேற்று மார்க்கெட் வாசலில் பார்த்தேன். நான்கு பெண்களும் ஆறு கூடை மீனும் அதில் வந்து இறங்கினார்கள். எர்ணாவூர்க் குப்பமாம்" என்று எழுதியிருந்தான். அடுத்த கப்பலில் கிளம்பிவிட்டேன். மகள் பிரசவத்துக்கு வந்திருந்ததால் தனபாக்கியத்தால் வர முடியவில்லை. திரும்புகிற கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் சிலிண்டர் கிடைக்காவிட்டால் என் வண்டிக்குக் கதி மோட்சம் இல்லை.

முதல் நாள் ராயபுரத்தில் போயிற்று. காலையில் இட்லிக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றினார்கள். நாற்பத்தெட்டு வயதுவரை சட்னியோடு காலத்தைப் போக்கிவிட்டேனே என்று மனம் நொந்தேன். காப்பி மட்டும் தகராறு. டின் பால் காப்பியில் வளர்ந்த நாக்கு எனக்கு. இங்கே பசும்பாலில் போட்டுக் கொடுத்ததும், யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் ஊரில் பசும்பால் நோயாளிக்குத்தான். தெருவில் கரித்தூள், தார், கருவாடு மூன்றும் முறைபோட்டு வீசின. எந்தச் சந்தில் எது வீசும் என்பது சாயங்காலத்துக்குள் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

மறுநாள் ரயிலில் திருவொற்றியூர் போய், அங்கிருந்து ஜட்கா பிடித்தேன். ஜட்காக்காரர் என் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"இன்னா நைனா, அம்மிக்கல்லா? பின்னாண்ட வச்சா குதிர மேல பூடும். மடில வச்சிக்கினு முன்னாண்ட குந்து."

அப்படியே குந்தினேன். நூறு கஜம் போயிருப்போம், சாலையோரம் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. மீன் கூடையோடு ஏறப் போன ஒரு பெண்ணைக் கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"கூடையோட ஏறாத, எத்தினி தபா சொல்றது? வண்டியே கலீஜ் ஆவுது."

"துன்றப்போ மட்டும் மணக்குதா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் பஸ் அவளை விட்டுவிட்டுத்தான் போயிற்று. அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

"இந்த பேஜாருக்குத்தான் எர்ணாவூர் பொம்பளைங்க ஏழு பேரு சேந்து பட்டாளத்து வண்டி ஒண்ணு ஏலத்துல எட்தாங்க" என்றார் ஜட்காக்காரர். "மோட்டார் சைக்கிளு. பக்கத்துல தொட்டி வச்சது. இப்போ பஸ்ஸுக்கு முன்னால பூடுறாங்க."

வண்டி ஏழு பெண்களுடையது என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஒரு ஆளிடம் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

குப்பத்தில், மணல்மேட்டில், ஓலைக் கூரைக்குக் கீழே அதைப் பார்த்தேன். சீட்டு இல்லை. செயின் இல்லை. கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஓட்டை. ப்ளக்கு இல்லை, பாட்டரி இல்லை. எலும்புக்கூட்டில் ஹெட்லைட் மட்டும் மூன்று பட்டை விபூதியோடு என்னை முறைத்தது. திருடர்கள் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, ஐயோ என்று கத்தியேவிட்டேன்.

அந்தச் சமயம் யாரோ, "பாய் தெரியுது!" என்று குரல் கொடுத்தார்கள். கடலில் கட்டுமரங்களின் பாய்கள் தெரிந்தன. உடனே ஏழு குடிசையிலிருந்து ஏழு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை மாதிரி பாட்டரி. ஒருத்தி தலையில் சீட்டு. ஒருத்தி முந்தானையில் ப்ளக்குகள். செயினை ஒருத்தி மாலையாகவே போட்டுக்கொண்டு வந்தாள். காக்கி நிஜார் போட்ட ஒருவன் எல்லாவற்றையும் வாங்கி வாங்கி மாட்டினான். முதல் கட்டுமரம் மணலில் ஏறுவதற்கும் இன்ஜின் உறுமுவதற்கும் சரியாக இருந்தது.

ஏழு பேருக்கும் தலைவி போலிருந்த அஞ்சலையிடம் விஷயத்தைக் கேட்டேன். நடு வயது, கணீரென்ற குரல்.

"கட்டுமரத்த கரைக்கு வந்ததும் அவுத்துத்தானே போடுறோம்? அந்த மாரிதான் இதுவும். மத்தியானம் வந்ததும் அவுத்துருவோம். ஆளுக்கு ஒண்ணு வூட்டுக்கு எட்துகினு பூடுவோம். இல்லாங்காட்டி இவன் தனியா இஸ்த்துக்கினு புழல் ஏரிக்குப் போயி சுத்துவான்" என்று காக்கி நிஜாரைக் காட்டினாள். அவன் அவளுடைய தம்பி கன்னியப்பன், சண்டையில் பட்டாளத்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவன்.

"ஒரே ஒரு தபா போனேன்" என்றான் கன்னியப்பன்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ செய்யவும் செய்தது. ஜப்பான்காரன் காலத்தில் நானும் என் வண்டியை இப்படித்தான் பிரித்து, எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு ஒரு சாமானாக ஒளித்து வைத்தேன். மூன்றரை வருஷம் கழித்து ஒரு மறை ஆணிகூடக் குறையாமல் திரும்பி வந்தது. நான் பயத்தில் செய்ததை இவர்கள் தினசரி வழக்கமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரண்டு வண்டிக்கும் இன்ஜின் ஒன்றேதான். முன் சிலிண்டர் குந்துமணி அளவுகூடக் குறையில்லாமல் இருந்தது. கடல் காற்றில் நிற்கிற வண்டியில் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை! படகுக்குப் பூசுகிற மாதிரி சுறா எண்ணெய் பூசியிருந்தார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கியது. பதினேழு வருஷ மண்ணெண்ணெய்த் துணியை நினைத்துப் பொறாமைப்பட்டேன். பிறகு மூட்டையை அவிழ்த்து, நான் ஆஸ்பத்திரிக்காரன் என்பதையும் வந்த காரியத்தையும் சொன்னேன்.

அஞ்சலை மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இவுரு இன்னா கேக்கறாருன்னு புரியுதா? கட்டுமரத்துல நடு மரத்த மட்டும் உருவிக் குடுன்றாரு. அப்பால நாம எதுல போறது, வெறுங்கயித்துலயா?"

ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஆனால், இவ்வளவு தூரம் வண்டி பார்க்க வந்த மனிதனை வெறுமனே அனுப்புவதா என்று, நாளைக்கு வந்து ஒரு சவாரி போ என்றாள்.

மூன்றாம் நாள் சவாரி. தொட்டியில் ஐந்து கூடை, கூடைகளின் மேல் மூன்று பெண்கள், பின்னால் அஞ்சலை, தொட்டியின் மூக்கில் நான். கால் வைக்க இடமில்லாமல் ஒரு வஞ்சிரத்தின் மேல் வைத்திருந்தேன். "டாக்டரு, மீன மிதிக்காத, வெல கொறையும்" என்று மிரட்டல் வந்ததும் காலைத் தூக்கிக்கொண்டேன். திருவொற்றியூர்வரை அந்தரத்தில் தொங்கிய கால்களோடு, வெள்ளை டிரில் கோட்டும் தொப்பியுமாக ஊர்வலம் போனேன். பஸ்ஸைத் தாண்டும்போது நான்கு பெண்களும் ஒரே குரலில் ஊளையிட்டார்கள். தினமும் அப்படித்தானாம்.

காலடிப்பேட்டையில் வண்டி இருமி நின்றது. கன்னியப்பன் உதைத்து உதைத்து வியர்த்தான். நான் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோல் வருகிற துவாரத்தில் ஒரு மீன் செதில்! கார்புரேட்டர் இரவு தங்குவது மீன் அறுக்கிற வீட்டில். ஊதிவிட்டு மாட்டினேன். முதல் உதையிலேயே கிளம்பியது. "மெய்யாலுமே டாக்டருதான்" என்று ஒருத்தி சொன்னாள். தலைகால் புரியாத பெருமையில் இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டுப் டுப்புக்கு அடியில் ஒரு டொக். பழக்கதோஷத்தில் கோட்டுப் பையில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. எடுத்து இன்ஜினின் அடிவயிற்றில் வைத்தேன். சந்தேகமே இல்லை. உள்ளே சுழல்கிற தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் ஒரு நாள் உள்ளே உடைந்து, கீழ்ப்பாகம் முழுவதும் நொறுங்கிப் போகும். "இன்னா சொல்லுது?" என்றாள் அஞ்சலை. "ஒண்ணுமில்லை, போகலாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இந்த வண்டி செத்தால் சிலிண்டர் எனக்கு.

ராயபுரத்துக்குத் திரும்பி ஏகாம்பரத்திடம் சொன்னேன். "மாமா, நீங்க கம்னு இருங்க" என்றான். "தானா நிக்கும். அப்பால அவங்களே எடைக்குப் போடுவாங்க. நான் வாங்கி அனுப்பிடறேன்." நியாயமாகத்தான் பட்டது. அக்காள் கணவனுக்கு நல்லது செய்ய நினைக்கிற பையன். அன்று அவன் வீட்டில் சுறாப்புட்டு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பண்டம் அது. ஒரு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. நோயைக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியிடம் சொல்லாமல் வந்தது என் வேலைக்கே ஆகாத காரியம்.

நாலாம் நாள் நேரே குப்பத்துக்குப் போய், வண்டியை இனி ஓட்டாதீர்கள் என்று காரணத்தோடு சொன்னேன். நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். கன்னியப்பன் எகிறினான்.

"ஓடற வண்டிய சாவப்போவுதுன்றான்! சிலிண்டர் மேல கண்ணு வச்சிக்கினு டபாய்க்கிறியா? யாராண்ட?"

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். முந்தின நாள் சொன்ன பொய்யை நம்பினார்கள், இன்றைக்குச் சொல்கிற உண்மையை நம்பவில்லை. நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று ஸ்டெதாஸ்கோப்பை நீட்டினேன். முதலில் வாங்கியவள் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டு, "அய்ய, உள்ள யாரோ கீறாங்க" என்று பயந்து கழற்றிவிட்டாள். இரண்டாமவள் அதைக் கன்னியப்பன் மண்டையில் வைத்து, "ஒண்ணியும் கேக்கல" என்றாள். விசாரணை அத்தோடு குலைந்தது.

அப்போது அஞ்சலையின் புருஷன் தேசிங்கு எழுந்து வந்தார். அன்று கடலுக்குப் போகாமல் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பேசாத மனிதர். கையில் துடுப்பு. கடலில் மீன்கூட்டம் தேடுகிறபோது துடுப்பின் அலகைத் தண்ணீரில் இறக்கி, காம்பில் காதை வைத்துக் கேட்பார்களாம். கத்தாழை மீன் எந்தப் பக்கம் கத்துகிறது என்று அவருக்குத் தெரியுமாம். ஏழு வீட்டுச் சாமானையும் வரவழைத்து மாட்டி, இன்ஜினை ஓடவிடச் சொன்னார். துடுப்பின் அலகை இன்ஜினின் அடியில் வைத்து, காம்பைக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடினார்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "டாக்டரு சொல்றது கரெட்டு. உள்ள ஒண்ணு மோதிக்கினே கீது. பத்து நாளு தாங்காது. நிறுத்துடா."

கன்னியப்பன் நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்கு மருந்து கீதா?" என்றாள் அஞ்சலை.

"இதே மாதிரி இன்னொரு இன்ஜின் இருந்தா, அதோட கீழ்ப்பாகத்தை இதுக்கு மாத்தலாம்."

"அந்த மாரி இன்னொண்ணு எங்க கீது?"

"எங்கிட்ட. என் வண்டிக்கு மேல்தான் உடைசல். கீழே நல்லா இருக்கு."

"ரெண்டு உடஞ்ச மரத்துல ஒரு நல்ல மரம் கட்டலாம்" என்றார் தேசிங்கு. அந்த ஒரு மரம் எந்தக் கரையில் நிற்கும் என்று அவர் சொல்லவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. நானும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாய்கள் தெரிந்தன. கட்டுமரங்கள் வந்தன. வண்டி இல்லை. பஸ் ஏற்றாது. ஏழு பேரும் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு ஆறு மைல் நடக்கக் கிளம்பினார்கள். ஜட்காவில் சொகுசாகத் திரும்ப எனக்கு வெட்கமாக இருந்ததால், தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கூடையை நானும் தூக்கினேன். சின்னக் கூடைதான், காரப்பொடி என்கிற பொடி மீன். எர்ணாவூர் எல்லைக்குள்ளேயே கழுத்து மரத்துவிட்டது. மீன் தண்ணீர் காது வழியாகக் காலருக்குள் இறங்கியது. எங்கள் எஸ்டேட் பெண்கள் ரப்பர்ப் பால் வாளி தூக்கி நடக்கிறதைத் தினமும் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே பார்த்திருக்கிறேன். அதன் கனம் எவ்வளவு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அஞ்சலை பக்கத்தில் வந்தாள். அவள் தலையில் என்னைவிட மூன்று மடங்கு கனம், மூச்சுகூட வாங்கவில்லை.

"உன் வண்டி ஓடிக்கினு இருந்தப்போ தினம் எத்தினி பேரு ஏறுவாங்க?"

"நான்தான்."

"வேற?"

"வேற யாரும் இல்லை."

"பொஞ்சாதி?"

"பின் சீட்டு போடலை. ஸ்பிரிங் கெட்டுடும்."

"பாவம் அந்த வண்டி" என்றாள்.

பாவம் உன் பெண்டாட்டி என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். திருவொற்றியூரில் அந்தப் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. கண்டக்டர் படியில் நின்று ஊளையிட்டார். கடன் தீர்த்துக்கொண்டார், மனிதர். காலடிப்பேட்டையில் என் கூடையை இன்னொருத்தி வாங்கித் தன் கூடைமேல் வைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் படுத்த படுக்கையாக இருந்தேன். கழுத்துக்கு ஏகாம்பரம் கோடாலித் தைலம் தேய்த்தான். அந்தத் தைலம் நான் மலேயாவிலிருந்து அவனுக்குக் கொண்டுவந்தது.

கப்பல் நாளுக்கு முன்தினம் சொல்லிக்கொள்ளக் குப்பத்துக்குப் போனேன். சிலிண்டரைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அங்கே கன்னியப்பன் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து முன் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அஞ்சலை அதை வாங்கி, உள்ளும் புறமும் சுறா எண்ணெய் தடவி, பழைய வலைத் துண்டில் சுற்றி என் கையில் வைத்தாள். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"பையிலேந்து கைய எடு. இது விக்கறதுக்கு இல்ல" என்றாள். "இத்த உன் வூட்ல வச்சிக்கோ. ஏழு வூட்டு வண்டி இனிமே எட்டு வூடு. நீ எட்தாந்தாத்தான் ஓடும்."

"நான் மலேயாவில இருக்கேனே, அம்மா."

"எங்க இருந்தா இன்னா? பாய் தெரிஞ்சா வந்துதானே ஆவணும்?"

"யக்கா, அப்படியே எட்துகினு பூட்டாருன்னா?" என்று கன்னியப்பன் கேட்டான். என் எதிரிலேயே கேட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

"போவணும்னு இருந்தா அன்னிக்கி கம்னு இருந்திருப்பாரு. வண்டி செத்தப்புறம் எடைக்கு வாங்கியிருப்பாரு" என்றாள் அஞ்சலை. அந்த ஒரு நாள் நான் கம்மென்றுதான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லத் தைரியம் இல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

துறைமுகத்தில் இரண்டு சிலிண்டர்களோடு நின்றேன். வேறு அதிகாரி. வலையை அவிழ்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே மூடிவிட்டார். சுறா எண்ணெய்க்கு முன்னால் எந்தச் சர்க்காரும் நிற்காது.

வீட்டுக்கு வந்து, பேரனைப் பார்த்த கையோடு கொட்டகைக்குப் போனேன். சிலிண்டர் அளவு பிசகாமல் உட்கார்ந்தது. இரண்டாவது உதையில் இன்ஜின் பேசியது. எட்டு மாதத்துக்கு மேலாகக் கேட்காத குரல். அழுதுவிட்டேன். இனி இதை யார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று ஒரு நிமிஷம் சத்தியமாக நினைத்தேன்.

தனபாக்கியம் வாசலில் வந்து நின்றாள். குப்பத்துக் கதை முழுவதையும் அவளிடம் சொல்லியிருந்தேன். "ஏறுறியா?" என்றேன். ஒரு சாக்கை நாலாக மடித்துப் பின் காரியரில் கட்டினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தோம், அரைமணி நேரம் இருக்கும். இன்ஜின் சூடேறியதும் சுறா நாற்றம் கிளம்பியது. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறங்கியதும், "இவ்வளவு நல்லா இருக்கும்னு ஏன் ஒரு நாளும் சொல்லலை?" என்று கேட்டாள்.

அன்று மாலையே ஸ்பானரை எடுத்தேன். விடியும்வரை விட்டிருந்தால் மனம் மாறியிருக்கும். என்னை எனக்குத் தெரியும். மரப்பெட்டி செய்து, குப்பத்துச் சிலிண்டரோடு என் முழு வண்டியையும் பிரித்து அடுக்கினேன். தனபாக்கியம் சாமான்களைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். பங்காளி வழக்கப்படி ஒரு பாகம் என் வீட்டில் இருக்கவேண்டும் அல்லவா? ஹாரனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அஞ்சலை ஏறுகிற வண்டிக்கு ஹாரன் தேவைப்படாது.

பெட்டிமேல் விலாசம் எழுதத்தான் வெகுநேரம் பிடித்தது. ஒரு பெயரை எழுதினால் மற்ற ஆறு பேரும் சண்டைக்கு வருவார்கள். ஏழு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதினேன்: அஞ்சலை, தேசம்மா, முனியம்மா, கன்னியம்மா, எல்லம்மா, பட்டம்மா, காத்தாயி. எர்ணாவூர்க் குப்பம் என்று கடைசியில் எழுதப் போனபோது தனபாக்கியம் என் கையைப் பிடித்து நிறுத்தி, "இன்னும் ஒரு ஆள் இருக்கே" என்றாள். எட்டாவது வரியில் என் பெயரை எழுதினேன்.